ஒரு நாள் சம்பளத்தை மிச்சம் பிடித்தோம்

1970-இல் என் அப்பாவைப் பினாங்கில் ரஜூலா கப்பலேற்றி விட்டோம். எனக்கு அப்போது 15 வயது. 30 வருசத்துக்கு மேல் பால்மரம் வெட்டியவர். 1968-ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் எடுக்க வேண்டியதாயிற்று. அப்பாவிடம் இருந்ததோ சிவப்பு கார்டு. 1957-இல் மெர்டேக்கா சமயத்தில் குடியுரிமைக்கு மனுப் போடச் சொன்னார்களாம். "மரம் வெட்டுறவனுக்கு எதுக்கு கடுதாசி? மரமா கேக்குது?" என்று சிரித்துவிட்டு வெட்டுக்குப் போய்விட்டார். பெர்மிட் முடிந்த மறுநாள் பெரட்டில் அவர் பேரைக் கூப்பிடவில்லை. ஊரில் தம்பி வீட்டுத் திண்ணையிலேயே போய்ச் சேர்ந்தார். கடிதம் எங்கள் கைக்கு வந்தபோது கருமாதியும் முடிந்திருந்தது.

இத்தனையும் கண்ணால் பார்த்தவள் நான். புத்தி வந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? வரவில்லை.

1981-இல் லயத்து வீட்டில் என் மகள் பிறந்தாள். பிரசவம் பார்த்த மருத்துவச்சிப் பாட்டி, "சூராட் பெரானாக் எடுத்திரு ஆத்தா" என்று சொல்லத்தான் செய்தது. பட்டணம் போய்வந்தால் வீட்டுக்காரருக்கு ஒரு நாள் சம்பளம் போகும். "அடுத்த மாசம் பாப்போம்" என்றார். நானும் தலையாட்டினேன். அந்த அடுத்த மாசம் வரவே இல்லை.

1988-இல் பள்ளியில் பத்திரம் கேட்டார்கள். தலைமையாசிரியர் நல்ல மனுசன். "பிள்ளை உட்காரட்டும், நீங்க அலைஞ்சு கொண்டுவாங்க" என்றார். அலைந்தோம். மருத்துவச்சிப் பாட்டி செத்துப்போயிருந்தது. தோட்டம் கைமாறியதில் ஆபீஸ் பேரேடுகள் எங்கே போயின என்று கிராணிக்கே தெரியவில்லை. வீட்டில் பிறந்த பிள்ளைக்கு ஆஸ்பத்திரிச் சீட்டு ஏது? கடைசியில் ஆயாக் கொட்டகைக் கிழவியும் பழைய மண்டோரும் வந்து சத்தியம் செய்து கையெழுத்துப் போட்டார்கள். 11 தடவை பட்டணம் போனோம். மிச்சம் பிடித்தது ஒரு நாள் சம்பளம்!

பணம் போனது கிடக்கட்டும். ஒரு நாள் ராத்திரி மகள் கேட்டாள்: "அம்மா, நான் இந்த ஊர்ல பொறக்கலையா?" அன்றைக்குத்தான் அப்பாவை நினைத்து அழுதேன்.

12 வயதில் ஐ.சி. எடுக்க வேண்டுமே என்று வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோது, 1992-இல் பத்திரம் கிடைத்தது. எங்களுக்காவது கிடைத்தது. 2011-இல் மைடஃப்தார் இயக்கம் நடந்தபோதும் பத்திரமில்லாத நம் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள்.

2019-இல் பேரன் பிறந்தான். "அத்தே, என்ன அவசரம்? ரெண்டு நாள் கழிச்சுப் போறேனே" என்றார் மாப்பிள்ளை. நான் பதில் பேசவில்லை. அவர் பத்திரத்தோடு திரும்பி வந்த பிறகுதான் சோறு போட்டேன்.