பைக்கின் முகப்பு கடகடக்கிறதா?

பெங்களூரில் நம்மவர் வீடுகளில் பைக் இல்லாத வீடு அபூர்வம். அலுவலகம் போகவும் அதுதான். பொங்கலுக்கு ஓசூர் வழியாகத் தர்மபுரி, சேலம் போய்வரவும் பல பிள்ளைகளுக்கு அதுதான். 2003-இல் ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, 2007-இல் பஜாஜ் பல்சர் 220, 2008-இல் யமஹா ஆர்15 என, முகப்பில் பிளாஸ்டிக் கவசம் பூட்டிய வண்டிகள் அடுத்தடுத்து வந்தன. இந்தக் கவசத்துக்குத்தான் ஃபேரிங் என்று பெயர். இத்தகைய வண்டிகளுக்கு வயதாகும்போது முகப்பு அதிரத் தொடங்குவது சகஜம். இயந்திரப் பராமரிப்பில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால் நண்பர்கள் என்னிடம் இதைப் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். வீட்டிலேயே செய்யக்கூடிய வேலைதான் இது.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். எஞ்சின் நிமிடத்துக்கு 4500 சுற்று சுற்றும்போது, பிஸ்டன் நொடிக்கு 75 முறை மேலும் கீழும் போய்வருகிறது. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால்தானே உயர எழும்பும்? அதுபோல, எஞ்சினின் அதிர்வும் பிளாஸ்டிக்கின் இயல்பான அசைவும் ஒத்துப்போகும் இடத்தில் மட்டும் சத்தம் பெரிதாகும். வேகத்தைக் கூட்டினால் அடங்கிவிடும். ஆடுற மாட்டை ஆடித்தான் கறக்க வேண்டும். வண்டியை நிறுத்திவைத்து வெறுமனே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

காற்றோட்டமான இடத்தில் மெயின் ஸ்டாண்டு போட்டு, கியர் இல்லாமல் எஞ்சினை ஓட்டுங்கள். வீட்டில் ஒருவரை ஆக்சிலேட்டரை மெல்லக் கூட்டச் சொல்லி, சத்தம் வரும் இடத்தில் அப்படியே பிடிக்கச் சொல்லுங்கள். நீங்கள் ஃபேரிங்கை ஒவ்வோர் இடமாக உள்ளங்கையால் அழுத்திப் பாருங்கள். எங்கே அழுத்தும்போது சத்தம் நிற்கிறதோ, கோளாறு அதன் அருகில்தான். சைலன்சர் சூடாக இருக்கும், கவனம். நிற்கும்போது சத்தமே இல்லாமல், எந்தக் கியரில் போனாலும் ஒரே வேகத்தில் மட்டும் வந்தால் சக்கரத்தையோ காற்றையோ சந்தேகிக்கலாம்.

பெரும்பாலும் குற்றவாளி ரப்பர் புஷ்தான். ஃபேரிங்கின் துளையில் ஒரு ரப்பர் வளையமும் அதற்குள் ஒரு சிறு இரும்புக் குழலும் இருக்கும். போல்ட்டின் இறுக்கத்தைக் குழல் தாங்கிக்கொள்ளும். பிளாஸ்டிக் ரப்பரின் மேல் மிதந்துகொண்டிருக்கும். வெயிலிலும் எஞ்சின் சூட்டிலும் ரப்பர் கல்லாகிவிடும். எங்கோ கழற்றி மாட்டும்போது குழல் தொலைந்துபோனால் தொல்லை இரட்டிப்பு. சத்தம் வருகிறதே என்று போல்ட்டை மேலும் இறுக்குவார்கள். பிளாஸ்டிக் விரிசல் விடும். ஜே.சி. ரோடு கடைகளில் புஷ்ஷும் குழலும் கேட்டுப் பாருங்கள். அளவு கிடைக்காவிட்டால் பழைய சைக்கிள் டியூபை வாஷர் போல வெட்டிப் போடலாம். குழல் மட்டும் கட்டாயம் வேண்டும்.

அடுத்தது விரிசல். பிளாஸ்டிக்கின் உட்புறத்தில் ஏபிஎஸ் அல்லது பிபி என்று அச்சிட்டிருக்கும். ஏபிஎஸ் என்றால், விரிசல் முடியும் இடத்தில் 3 மில்லிமீட்டர் துளை போட்டால் அது மேலும் ஓடாது. பிறகு உட்புறம் சொரசொரப்பாகத் தேய்த்து, மெல்லிய கம்பி வலை வைத்து, இரு கலவைப் பசை பூசலாம். பிபி பிளாஸ்டிக்கில் சாதாரணப் பசை ஒட்டாது. சூட்டில் உருக்கி ஒட்டுபவரிடம் கொடுப்பது மேல். போல்ட் கழலாமல் இருக்க விற்கும் திரவப் பசையை ஏபிஎஸ் மேல் படவிடாதீர்கள். அதுவே விரிசலை உண்டாக்கும்.

சத்தத்தை அமுக்குவது வேறு, கோளாறைத் தீர்ப்பது வேறு. என் அண்ணன் மகன் வண்டியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் இடுக்கெல்லாம் ஸ்பாஞ்சு திணித்து அனுப்பிவிட்டார்கள். இரண்டு வாரம் நிம்மதி. பிறகு மறுபடி சத்தம். நான் ஃபேரிங்கைக் கழற்றிப் பார்த்தேன். ஹெட்லைட்டையும் ஃபேரிங்கையும் தாங்கும் இரும்புச் சட்டம் பாதிக்கு மேல் வெடித்திருந்தது. மறுவாரம் இரவில் ஊருக்குக் கிளம்புவதாக இருந்தான். ஓசூர் சாலையில் லாரிகளுக்கு நடுவே அது முறிந்திருந்தால் விளக்கோடு முகப்பும் ஹேண்டில்பார் மேல் சரிந்திருக்கும். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, சட்டத்தை வெல்டிங் செய்து பூட்டினோம்.

ஆகவே ஃபேரிங்கைக் கழற்றும்போதே உள்ளிருக்கும் சட்டத்தையும், எஞ்சினின் பவுண்டேஷன் போல்ட்டுகளையும் பாருங்கள். பவுண்டேஷன் தளர்ந்தால் வண்டி முழுக்க அதிரும்; ஃபேரிங் அதை முதலில் சொல்லிவிடும். ஒயர் கட்டு பிளாஸ்டிக்கில் தட்டுகிறதா என்றும் பார்த்துக் கட்டிவிடுங்கள்.

பூட்டும்போது எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் மாட்டி, பிறகு ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். ஹேண்டில்பாரை இருபுறமும் கடைசி வரை திருப்பிப் பாருங்கள்; கேபிள் எதிலும் சிக்கக் கூடாது. அன்றிரவே சுவரில் ஹெட்லைட் ஒளி எங்கே விழுகிறது என்று பார்த்துச் சரிசெய்யுங்கள். ஒரு வாரம் ஓட்டியபின் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டால், பிள்ளையைத் தைரியமாக ஊருக்கு அனுப்பலாம்.