அறுத்த ஸ்பிரிங்கும் அரை டிகிரியும்

சென்னைக்கு அருகே சோழவரம் விமான ஓடுபாதையில் ரேஸ் நடந்த காலத்தில், ஃபியட் 1100-ஐப் பந்தயத்துக்குத் தயார் செய்கிறவர்கள் முதலில் ஹேக்ஸா பிளேடைத் தேடுவார்கள். முன்பக்கக் காயில் ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுப்பார்கள், துணிந்தவர்கள் ஒன்றரை. பின்பக்கப் பட்டை ஸ்பிரிங்குகளைப் பட்டறையில் கொடுத்து வளைவைக் குறைப்பார்கள். வண்டி தாழும், விறைப்பாகவும் ஆகும். வேலை செய்யும் சுற்று எட்டு என்றால், இரண்டை எடுத்ததுமே விறைப்பு மூன்றில் ஒரு பங்கு கூடிவிடும்.

சிக்கல் அங்கேதான். ஸ்பிரிங் விறைத்தாலும் ஷாக் அப்சர்பர் பழையதுதான். ஸ்பிரிங் எகிறித் திரும்பும் வேகத்தை அதனால் பிடித்து நிறுத்த முடியாது. மேடு பள்ளத்தில் சக்கரம் தரையை விட்டுவிட்டுத் தொடும். ஜாக்கி போட்டுத் தூக்கினால் அறுத்த ஸ்பிரிங் இருக்கையை விட்டு நழுவி 'டங்' என்று விழுவதும் உண்டு. ஆனாலும் அன்றைய டயரில் ஓட்டுநர் வண்டியைச் சறுக்கவிட்டே திருப்புவார். இந்தக் கோளாறுகளைக் கைத்திறன் மூடிவிட்டது என்பது என் எண்ணம்.

1990-இல் பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு இடம் மாறியது. சுமார் 3.7 கி.மீ. நீளத்தில், பந்தயத்துக்கென்றே போட்ட பாதை. பிறகு நான்கு சக்கரத்திலும் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாய் இணைந்த தூண்) உள்ள மாருதி எஸ்டீம் போன்ற வண்டிகள் வந்தன. இவற்றில் வெறுமனே தாழ்த்துவது எதிராகவே போகலாம். அளவுக்கு மேல் இறக்கினால் சக்கரத்தைப் பிடிக்கும் கீழ்க்கை வெளிப்பக்கமாக மேல்நோக்கிச் சாயும். ரோல் சென்டர் (வளைவில் வண்டி எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அது), வண்டியின் எடை மையத்தைவிட வேகமாகக் கீழே இறங்கிவிடும். தாழ்ந்த வண்டி வளைவில் முன்பைவிட அதிகமாகச் சாயும்! அதனால் நீளமான பால் ஜாயின்ட் போட்டுக் கையைப் பழைய கோணத்துக்குக் கொண்டுவருகிறார்கள்.

இன்று கராஜில் வண்டி நான்கு எடைத் தட்டுகளின் மேல் நிற்கிறது. ஓட்டுநர் இருக்கையில் அவர் எடைக்கு மணல் மூட்டை. உயரத்தைத் திருகி மாற்றக்கூடிய ஸ்பிரிங்-ஷாக் ஜோடியான காயில்ஓவரின் வளையத்தைக் கொஞ்சம் திருகினால் ஒரு மூலையில் எடை கூடும். அதற்குக் குறுக்கே உள்ள எதிர் மூலையிலும் கூடும். குறுக்கு எடை பாதிக்குப் பாதி வரும்வரை திருகிக்கொண்டே இருப்பார்கள். பயிற்சி ஓட்டம் முடிந்து வண்டி உள்ளே வந்ததும் டயரின் உள், நடு, வெளி மூன்று இடத்திலும் ஊசி குத்திச் சூடு பார்க்கிறார்கள். வெளிப்பக்கம் மட்டும் கொதித்தால் கேம்பரில், அதாவது சக்கரத்தின் உள்சாய்வில், அரை டிகிரி சேரும். ஷாக்கில் அமுங்கலுக்கும் எகிறலுக்கும் தனித்தனி 'கிளிக்' திருகு. இவ்வளவுக்கும் நடுவில், டோ (சக்கரங்கள் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பி நிற்கும் கோணம்) பார்க்க வண்டியின் இருபுறமும் நூல் கட்டி அளப்பது மட்டும் அப்படியே இருக்கிறது. அதை விரட்ட எந்தக் கருவிக்கும் மனம் வரவில்லை போல.

அன்று ஞாயிற்றுக்கிழமை பந்தயம் ஓடிய அதே ஃபியட் திங்கட்கிழமை ஆபீசுக்கும் போகலாம். இன்றைய ரேஸ் வண்டி லாரியில் வந்து லாரியிலேயே திரும்புகிறது. சாலையில் ஓடும் வண்டியைத் தயாரிப்பாளரின் மூல அமைப்பிலிருந்து மாற்றக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் சொன்னது. ரேஸ் செட்-அப்பைப் பார்த்துவிட்டு வீட்டு வண்டியின் ஸ்பிரிங்கில் கை வைக்கும் இளைஞர்களுக்கு சொந்த வண்டியை ரேஸ் பாதையில் ஓட்டும் டிராக் நாள் ஒன்றே வழி. அங்கேயும் ஸ்பிரிங்கை மட்டும் மாற்றிவிட்டு ஷாக்கைத் தொடாதவர்கள், சோழவரத்துக்காரர்கள் பட்ட அதே அவதியைத்தான் படுகிறார்கள்.