வெளிநாட்டு வேலை: அனுமதி முன்னே, பயணம் பின்னே

புக்கிட் மெர்தாஜாம் இரயில் நிலையம் ஒரு சந்திப்பு நிலையமாகும். அங்கிருந்து வடக்கே செல்லும் தண்டவாளம் தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசாரை அடைகிறது. தெற்கே செல்வது கோலாலம்பூரைக் கடந்து ஜொகூர் பாரு வரை நீள்கிறது. அதற்கு அப்பால் பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். தோட்டப்புற இளைஞர்களுள் பலர் இவ்வழியே வேலை தேடிப் புறப்படுகின்றனர்.

உழைத்துப் பொருளீட்ட அயல்நாடு செல்வது தவறன்று. ஆயினும், எல்லையைக் கடந்ததும் நாம் அந்நாட்டுக்கு அந்நியராகிறோம் என்பதை மறத்தலாகாது. அந்நியருக்கு வேண்டிய அனுமதிகள் இரண்டு: ஒன்று, நாட்டினுள் நுழைவதற்கு, மற்றொன்று, வேலை செய்வதற்கு. முன்னது கிடைத்துவிட்டால் பின்னதும் கிடைத்ததாகப் பொருளன்று.

இவ்வுண்மையை நம் முன்னோர் துன்பப்பட்டே அறிந்தனர். கங்காணிகள் அழைத்துவர, நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்களிடம் அந்நாளில் வேலை பெர்மிட் கேட்பார் இல்லை. பின்னர் வந்த 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம், குடியுரிமை இல்லாதோர் பெர்மிட் இன்றி வேலை செய்யலாகாது என விதித்தது. பல்லாண்டுகள் பால்மரம் சீவியும், குடியுரிமை கிட்டாமல் சிவப்பு அடையாளக் கார்டுடன் இருந்தோர் கலங்கினர். 'ரஜூலா' போன்ற கப்பல்களில் குடும்பத்தோடு தமிழகம் திரும்பியோர் பலர். அவர்களிடம் உழைப்பு இருந்தது. உரிய பத்திரம் இல்லை.

இன்று சிங்கப்பூர் செல்வோர் அறிய வேண்டிய முறைகளைக் காண்போம்.

மலேசியக் கடப்பிதழ் உடையோர் குறுகிய காலப் பயணமாக விசா இன்றிச் சிங்கப்பூருக்குள் நுழையலாம். அந்த வருகை அனுமதியைக் கொண்டு ஒரு நாளேனும் கூலி வேலை செய்தல் குற்றமாகும். பெர்மிட் இன்றி வேலை செய்யும் அந்நியருக்கு 20,000 வெள்ளி வரை அபராதமோ, இரண்டாண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க அந்நாட்டுச் சட்டம் இடமளிக்கிறது.

வேலை பெர்மிட்டுக்குத் தொழிலாளி தாமே மனுச் செய்ய இயலாது. முதலாளியோ, அவர் அமர்த்திய முகவரோ சிங்கப்பூர் மனிதவள அமைச்சிடம் மனுச் செய்ய வேண்டும். மனு ஏற்கப்பட்டால் முன் ஒப்புதல் கடிதம் ஒன்று வரும். சம்பளம் எவ்வளவு, பிடித்தம் எவ்வளவு என்பன அதில் குறிக்கப்பட்டிருக்கும். அதனைப் படித்துப் பார்த்த பின்னரே பயணத்திற்கு ஆயத்தமாகுங்கள். படிக்க இயலாதோர் விவரம் அறிந்த ஒருவரைக் கொண்டு படிக்கச் செய்யுங்கள்.

முதலாளி மாதந்தோறும் அரசாங்கத்திற்குச் செலுத்தும் தீர்வையைத் தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்தல் கூடாது. சிங்கப்பூர் முகவர் தொழிலாளியிடம் பெறும் கட்டணம், ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், இரண்டு மாதச் சம்பளத்திற்கு மேற்படலாகாது. மற்ற நாட்டினர் பலருக்காக முதலாளி கட்ட வேண்டிய 5,000 வெள்ளிப் பிணைத் தொகை மலேசியருக்குத் தேவையில்லை. ஆகவே, "பிணைப் பணம்" என்று எவரேனும் உங்களிடம் கேட்டால் ஐயுறுங்கள்.

ஏமாற்றுக்காரர் பேச்சு இனிமையாகவே இருக்கும். "முதலில் புறப்படு, பெர்மிட்டைப் பிறகு பார்க்கலாம்" என்பது அவர்களது வழக்கமான சொல். 2022ஆம் ஆண்டில், அதிகச் சம்பளம் என்ற வாக்கை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் சென்ற மலேசியர் பலர் அடைத்து வைக்கப்பட்டு, மோசடித் தொழிலில் வலுக்கட்டாயமாக ஈடுபடுத்தப்பட்டனர். நம் நாட்டில் ஆள் சேர்க்கும் முகவர், 1981ஆம் ஆண்டுத் தனியார் வேலை முகவர் சட்டத்தின்படி உரிமம் பெற்றிருத்தல் வேண்டும். அவ்வுரிமம் உண்மையானதா என்பதைத் தொழிலாளர் இலாகாவில் விசாரித்து அறியலாம்.

புறப்படுமுன் கடப்பிதழ், ஒப்புதல் கடிதம், வேலை ஒப்பந்தம் ஆகியவற்றின் நகல்களை வீட்டாரிடம் கொடுத்து வையுங்கள். முதலாளியின் பெயர், முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றையும் எழுதிக் கொடுங்கள். கடப்பிதழை எவரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

பெரட்டில் பெயர் பதியாதவருக்கு அன்றைய சம்பளம் இல்லை என்பதைத் தோட்டத்தில் யாவரும் அறிவர். அயல்நாட்டிலும் முறை அதுவே. பெயர் முறையாகப் பதிந்திருந்தால்தான் கூலி நிலுவையானாலும், வேலையில் காயம் நேர்ந்தாலும் அஞ்சாமல் சென்று முறையிட முடியும். பெர்மிட் கைக்கு வரச் சில வாரங்கள் காத்திருத்தல் நட்டமன்று.