கண்ணும் கையும் பாடம் சொல்லும்!

பெங்களூரில் பிழைக்க வந்த தமிழர் வீட்டுப் பிள்ளைகள் பலருக்கு, பள்ளிக்கூடத்தின் முதல் நாளே ஒரு சோதனைதான். வீட்டில் பேசுவது தமிழ். வகுப்பில் காதில் விழுவது கன்னடம் அல்லது ஆங்கிலம். ஆசிரியை பேசப் பேச, பிள்ளை திருதிருவென்று விழிக்கிறது.

"இல்லி பா" என்கிறார் ஆசிரியை. கன்னடத்தில் இதற்கு "இங்கே வா" என்று பொருள். தமிழ்ப் பிள்ளையின் காதிலோ அது "இல்லப்பா" என்று விழுகிறது! பிள்ளை அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. "சொன்ன பேச்சு கேட்பதில்லை" என்ற கெட்ட பெயரும் வந்துவிடுகிறது.

அதே ஆசிரியை புன்னகையுடன் கையை அசைத்து "இல்லி பா" என்று அழைத்தால்? பிள்ளை எழுந்து ஓடி வரும். அன்றே ஒரு கன்னடச் சொல்லையும் கற்றுக்கொள்ளும்.

சைகைக்கு மொழி இல்லை

ரெயில்வேயில் பச்சைக் கொடியை அசைத்தால் "புறப்படு". சிவப்புக் கொடியைக் காட்டினால் "நில்". டிரைவர் எந்த மாநிலத்துக்காரர் ஆனாலும் இதற்கு மொழிபெயர்ப்பு தேவை இல்லை. வகுப்பறைக்கும் இது பொருந்தும்.

அமெரிக்க மனோதத்துவ நிபுணர் ஜேம்ஸ் ஆஷர் 1960-களில் இதைச் சோதித்துப் பார்த்தார். "எழுந்திரு", "நட", "திரும்பு" என்று புது மொழியில் சொல்லி, அப்படியே செய்தும் காட்டினார். மாணவர்கள் பேச வேண்டியது இல்லை, செய்தால் போதும். உடல் அசையும்போது சொல் மனதில் பதிகிறது என்று கண்டார்.

ஆடிப் பாடிப் படி!

கர்நாடகத்திலேயே இதற்கு நல்ல உதாரணம் உண்டு. அதன் பெயர் "நலி-கலி". "நலி" என்றால் ஆடி மகிழ்வது. "கலி" என்றால் கற்றுக்கொள்.

1995-ம் ஆண்டு மைசூர் மாவட்டம் எச்.டி.கோட்டை தாலுகாவில் இது தொடங்கியது. ஆந்திராவில் மதனப்பள்ளி அருகே உள்ள ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளைப் பார்த்து வந்த ஆசிரியர்கள், இங்கே அந்த வழியில் இறங்கினார்கள். 2009-ம் ஆண்டு முதல் மாநிலம் எங்கும் அரசுப் பள்ளிகளின் கீழ் வகுப்புகளுக்கு வந்தது.

இதில் ஆசிரியை நாற்காலியில் அமர்ந்து அதிகாரம் செய்வது இல்லை. பிள்ளைகளுடன் தரையில் உட்காருகிறார். பாடுகிறார்; கதை சொல்லி நடித்துக் காட்டுகிறார். சுவரில் கரும்பலகைகூட பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில்தான் இருக்கும்.

தமிழ்நாட்டிலும் 2003-ம் ஆண்டு சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் இதே வழியில் செயல்வழிக் கற்றல் தொடங்கி, பிறகு மாநிலம் முழுவதும் பரவியது.

நன்னூல் சொன்னது

இது புதுமை என்று நினைக்க வேண்டாம். பவணந்தி முனிவரின் நன்னூல் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆசிரியருக்கு வழி சொல்லி இருக்கிறது. அவசரப்படக்கூடாது. கோபப்படக்கூடாது. முகம் மலர்ந்து, கேட்பவனின் சக்தி அறிந்து சொல்ல வேண்டும். அந்த நூலை எழுதச் செய்தவன் கங்க மரபைச் சேர்ந்த சீயகங்கன். கங்கர்களின் பழைய தலைநகரமோ நமக்குப் பக்கத்தில் உள்ள கோலார்!

கத்தினால் தொண்டைதான் போகும்

ஒரே சுருதியில் பேசினால் பிள்ளைகளுக்குத் தூக்கம் வரும். ஓயாமல் கத்தினால் ஆசிரியரின் தொண்டை கட்டும். குரலை ஏற்றி இறக்க வேண்டும். முக்கியமான இடத்தில் குரலைத் தாழ்த்தினால் வகுப்பே காதைத் தீட்டிக்கொள்ளும்.

மவுனமும் ஒரு பாடம்தான். அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற அம்மையார் 1970-களில் வகுப்புகளை ஆராய்ந்தார். கேள்வி கேட்ட ஆசிரியர்கள் பதிலுக்குக் காத்திருந்தது சுமார் 1 வினாடிதான்! 3 வினாடி பொறுத்தபோது, பிள்ளைகள் கூடுதலாகப் பேசினார்கள். வீட்டில் ஒரு மொழி, வகுப்பில் ஒரு மொழி என்று திண்டாடும் பிள்ளைக்கு இந்தப் பொறுமை பெரிய உதவி.

நடப்பதிலும் அளவு வேண்டும். கடைசி பெஞ்சு வரை ஆசிரியர் போய் வந்தால் அங்கே இருப்பவனும் விழித்துக்கொள்வான். ஓயாமல் உலாவினால் பிள்ளைகளின் கண் பாடத்தில் நிற்காது.

ஓங்கிய பிரம்பும் ஒரு சைகைதான். அது சொல்வது பயம் ஒன்றைத்தான். 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டம் பிள்ளைகளை அடிப்பதையும், மனம் நோகச் செய்வதையும் தடை செய்திருக்கிறது. தொடக்கப் பள்ளியில் 30 பிள்ளைகளுக்கு 1 ஆசிரியர் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வகுப்பு நெரிசலாக இருந்தால் எந்த ஆசிரியராலும் ஒவ்வொரு முகத்தையும் பார்க்க முடியாது.

பெற்றோர் கவனிக்க

பள்ளிக்கூடம் போகும்போது மார்க்கை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள். "என் பிள்ளைக்கு மொழி புரிகிறதா? சைகை காட்டிச் சொன்னால் செய்கிறானா?" என்றும் கேளுங்கள். வீட்டிலும் "மேடம் எப்படிச் சொன்னாங்க? செய்து காட்டு" என்று சொல்லுங்கள். பிள்ளை நடித்துக் காட்டினால், பாடம் மண்டையில் ஏறிவிட்டது என்று நம்பலாம். கன்னடம் தெரியாத தாயும் அதைப் பார்த்து நாலு சொல் கற்றுக்கொள்வார்!