பெருவிரலும் முன்கையும்

துரோணர் ஏகலைவனிடம் குருதட்சணையாகக் கேட்டது வலக்கைப் பெருவிரலை. ஏனைய நான்கு விரல்கள் இருந்தும் அவனுடைய வில்வன்மை குன்றிற்று என்பது பாரதக் கதை. அத்துணைச் சிறப்புடைய பெருவிரல் எவ்வாறு இயங்குகின்றது என்பதையும், அது நோவுறுங்கால் செய்யத்தக்கது யாது என்பதையும் ஈண்டுச் சுருங்க ஆராய்வாம். இப்பொருளைத் தமிழில் உரைத்தல் நம் நாட்டிற்குப் புதிதன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த வைத்தியர் கிறீன், சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள மானிப்பாயிலே மேனாட்டு மருத்துவத்தைக் கற்பித்து, உடற்கூற்று நூல்களையும் தமிழில் வெளிவரச் செய்தார்.

பெருவிரலை இயக்கும் தசைகள் இருவகைப்படும். உள்ளங்கையிலே பெருவிரலின் அடியில் மேடாகத் தோன்றுபவை குறுந்தசைகள். பெருவிரலை மற்றை விரல்களுக்கு எதிரே கொணர்பவை இவை. நெடுந்தசைகள் நான்கும் முன்கையில் உள்ளன. அவற்றுள் ஒன்று முன்கையின் உட்புறத்தே நின்று பெருவிரலின் நுனியை மடக்கும். மற்றை மூன்றும் புறப்பக்கத்தே நின்று அதனை நிமிர்த்தும், அகற்றும். தசைக்குத் தள்ளும் ஆற்றல் இல்லை. சுருங்கி இழுக்கவே அது வல்லது. ஆதலின் மடக்குதற்கு ஒன்றும் நிமிர்த்துதற்கு வேறொன்றும் வேண்டப்படுகின்றன. கப்பியில் ஓடும் கிணற்றுக் கயிறுபோல, தசைநாண்கள் மணிக்கட்டைக் கடந்து அவ்விழுப்பை விரலிற் சேர்க்கின்றன. பெருவிரலை நன்கு விரித்து நிமிர்த்திப் பார்ப்பவர்கள், அதன் அடியில் நாண்கள் புடைத்து நிற்பதையும் அவற்றினிடையே ஒரு பள்ளம் தோன்றுவதையும் காணலாம்.

இனி, கையை இறுகப் பொத்திக்கொண்டு மணிக்கட்டை உட்புறமாக முற்றும் மடக்கிப் பாருங்கள், பிடி தளர்ந்துவிடும். விரல்மடக்கும் தசைகள் முன்னரே குறுகிவிட்டமையின் மேலும் வலிந்து இழுக்க இயலாமையே காரணம். ஆதலின் மண்வெட்டி பிடிப்பவரும், சந்தையிலே கடகந் தூக்குபவரும் தம்மையறியாமலே மணிக்கட்டைச் சற்றுப் பின்னோக்கி நிமிர்த்தி வைக்கின்றனர். அவ்வாறு நிறுத்துபவை முன்கையின் புறத்தசைகள். பொருளைப் பிடிப்பது உட்புறத் தசையாயினும் புறத்தசையும் உடனுழைக்கின்றது. பலநாட் கடுவேலைக்குப்பின் முழங்கையின் வெளிப்புறம் நோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பெருவிரலை அகற்றும் நாண்கள் இரண்டு, மணிக்கட்டின் ஓரத்தில் ஒடுங்கிய உறையொன்றினூடே செல்கின்றன. ஒரே அசைவு ஓயாது நிகழுமாயின் உறை தடித்து நாண் நெருக்குண்ணும். சுவிற்சர்லாந்துச் சத்திர வைத்தியர் டி கெர்வெயின் 1895இல் இந்நோயை விளக்கினார். கைக்குழந்தையை அடிக்கடி தூக்கும் தாய்மாரிடம் இது மிகுதி. கைத்தொலைபேசியிற் பெருவிரலால் நெடுநேரம் எழுதுவதும் இந்நோவை மிகுவிக்கும்.

சுளுக்கென்று கருதி அழுத்தி உருவுவித்துவிட்டு, அதே வேலையைத் தொடர்வார் பலர். ஓய்வே முதன் மருந்து. பெருவிரலை விரித்துக் குழந்தையின் கக்கத்திற் கொடுத்துத் தூக்காது, உள்ளங்கைகளைக் கீழே கொடுத்து ஏந்துதல் நன்று. சில வாரங்களில் நோவு தணியாவிடினும், விரல் மரத்தாலும், பிடி வலுக்குன்றினாலும் தாமதியாது வைத்தியரை நாடுக. கையினால் உழைத்து உண்ணும் குடும்பத்துக்குப் பெருவிரலின் நோவு சிறு நோவன்று.