குற்றாலத்தில் வீடு வாடகைக்கு விடுகிறீர்களா?

ஜூன் பிறந்தால் தென்காசிக்குப் பக்கத்தில் குற்றாலத்தில் சாரல் தொடங்கும். ஆகஸ்டு வரை கூட்டம்தான். வீட்டை நாள் வாடகைக்கு விடுகிறவர்களுக்கு இது அறுவடைக் காலம். உடம்பு கெடுகிற காலமும் இதுதான்.

எண்ணெய்க் கால்

வருகிறவர்கள் உடம்பெல்லாம் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பார்கள். தரை வழுக்கும். தலையணை உறை கறுக்கும். முற்றத்தில் ஒரு பழைய பெஞ்சு போடுங்கள். "எண்ணெய் தேய்ப்பது இங்கே" என்று சொல்லிவிடுங்கள். பாதி வேலை குறையும். வெள்ளை விரிப்பு வேண்டாம், கருநீலம் வாங்குங்கள். சாரலில் துணி காயாது. ஆகவே கட்டிலுக்கு மூன்று விரிப்பு தேவை.

மூன்று மணி நேரம்

காலையில் ஒரு குடும்பம் போகுமுன் அடுத்த குடும்பம் வாசலில் நிற்கும். வீட்டு அம்மாள் பட்டினி கிடப்பது அப்போதுதான்! காலி செய்வது 10 மணி, புதியவர் நுழைவது 1 மணி என்று முன்பணம் வாங்கும்போதே சொல்லுங்கள். வீட்டையும் கழுவலாம், நீங்களும் சாப்பிடலாம்.

அருவியில் வெள்ளம் பெருகினால் குளிக்கத் தடை போடுவார்கள். அன்று எல்லோரும் வீட்டிலேயே இருப்பார்கள். வேலை இரட்டிப்பாகும். கூலிக்கு ஓர் ஆளை முன்பே சொல்லி வையுங்கள்.

வாரத்தில் ஒரு நாள், செவ்வாயோ புதனோ, வீட்டைப் பூட்டுங்கள். ஒருநாள் வாடகைதான் போகும். நடுச் சீசனில் நீங்கள் படுத்துவிட்டால் எத்தனை நாள் வாடகை போகும்?