இன்னொரு பிரதி எங்கே?

கோட்டூர்புரத்தில் எனக்கு ஒரு சிநேகிதி இருக்கிறாள். மகா கெட்டிக்காரி. வீட்டுக் கம்ப்யூட்டரில் லினக்ஸைப் போட்டு, கல்யாணப் போட்டோக்கள், குழந்தையின் மழலை, காலஞ்சென்ற மாமியார் ஊஞ்சலில் உட்கார்ந்து பாடிய பாட்டு எல்லாவற்றையும் அதில் சேர்த்து வைத்திருந்தாள். அதோடு விட்டாளா? மாதாமாதம் தனி ஹார்ட் டிஸ்க்கில் பிரதி எடுத்து, பீரோவின் அடித்தட்டில் பட்டுப் புடவைகளுக்குக் கீழே பத்திரப்படுத்தினாள்.

2015 டிசம்பர் 1-ந் தேதி. பேய் மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்குச் சுமார் 29,000 கன அடி வரை நீர் திறந்து விடப்பட்டது. அடையாறு கரை புரண்டது. சிநேகிதியின் வீடோ தரைத் தளம். கம்ப்யூட்டரும் முழுகியது, பீரோவின் அடித்தட்டும் முழுகியது.

"பிரதிதான் எடுத்தேனே!" என்று அழுதாள். வாஸ்தவம், எடுத்தாள். இரண்டும் ஒரே வீட்டில் அல்லவா இருந்தன!

சீவக சிந்தாமணியை 1887-ல் அச்சேற்றுமுன் உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி அலைந்தார். ஓர் ஏட்டில் சிதைந்த இடத்துக்கு வேறோர் ஊர் ஏடு கைகொடுத்தது. அத்தனை ஏடும் ஒரே வீட்டுப் பரணில் இருந்திருந்தால்?

லினக்ஸ் என்றதும் மிரள வேண்டாம். சென்னை ஸி-டாக் நிறுவனமே 'பாஸ்' என்று ஒரு லினக்ஸ் தயாரித்தது. 2011-ல் அரசு மாணவர்களுக்கு வழங்கத் தொடங்கிய இலவச லாப்டாப்புகளில் அதுவும் இருந்தது. லினக்ஸில் ஒரு சௌகரியம்: உங்கள் சொத்தெல்லாம் 'ஹோம்' என்ற ஓர் அறைக்குள் அடக்கம். ஆனால் பெயருக்கு முன்னால் புள்ளி வைத்தவை கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும். வந்த கடிதங்கள்கூட அங்கே இருக்கலாம். ஆகவே பொறுக்கி எடுக்காதீர்கள். அறையையே முழுசாக எடுங்கள்.

இதற்கென்றே 'ஆர்ஸிங்க்' என்று ஒரு வேலையாள் உண்டு. 1996-ல் ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ டிரிட்ஜெல், பால் மக்கெராஸ் இருவரும் எழுதியது. எல்லாவற்றையும் மறுபடி சுமக்காமல், மாறியதை மட்டும் கொண்டுபோகும். ஆனால் அபார விசுவாசி! 'டிலீட்' என்ற சொல்லையும் சேர்த்துக் கட்டளையிட்டால், நீங்கள் கைதவறி அழித்த போட்டோவைப் பிரதியிலும் அழித்துவிட்டு வந்து நிற்கும். கட்டளை எழுத அலுப்பாயிருந்தால் 'டேஜா டூப்' இருக்கிறது. அது பழைய பிரதிகளையும் தேதிவாரியாக வைத்திருக்கும். பூட்டுச் சொல் கொடுத்தால் மட்டும் மறக்கக் கூடாது. மறந்தால் பிரதி இருந்தும் இல்லாததுதான்.

இன்னொன்று. சில பென்டிரைவுகள் 'ஃபாட் 32' என்ற முறையில் அமைந்திருக்கும். 4 ஜி.பி. அளவுள்ள ஒரே ஃபைல் அதற்குள் நுழையாது. கல்யாண வீடியோ பாதியில் நின்றால் மருமகளைக் கோபிக்காதீர்கள்!

எடுத்த பிரதி திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். வடாம் காய்ந்ததா என்று ஒன்றைப் பொரித்துப் பார்க்கிறோமே, அப்படி.

சிநேகிதியின் கல்யாணப் போட்டோக்கள் போனது போனதுதான். பாட்டு மட்டும் பிழைத்தது. தியாகராய நகரிலுள்ள நாத்தனார் எப்போதோ நவராத்திரிக்கு வந்தபோது அதை ஒரு பென்டிரைவில் கேட்டு வாங்கிப் போயிருந்தாளாம். இப்போது இரண்டு டிஸ்க்குகள். மாதம் ஒரு முறை நாத்தனார் வீட்டுக்கு ஒன்று போகிறது, அங்கிருந்து மற்றொன்று வருகிறது; கூடவே ஒரு டப்பா ரசப்பொடியும்.

போன வாரம் எனக்கும் அந்தப் பாட்டைப் போட்டுக் காட்டினாள். பல்லவிக்கு நடுவே ஊஞ்சல் சங்கிலி கிறீச்சிடுவதுகூடக் கேட்டது.